தேயிலைச் சரிவைத் தைப்பது எப்படி: கலைக் குயில்ட் பழக வருபவர்களுக்கு

கோத்தகிரியில் என் வீட்டுக் கதவில் ‘குயில்ட் தைக்கக் கற்றுத்தரப்படும்’ என்று ஓர் அட்டை தொங்குகிறது. அதை மாட்டிய முதல் நாளே பால் கொண்டுவரும் அம்மாள் கேட்டுவிட்டார்: “குயிலுக்கு எதற்கம்மா துணி?” அன்றிலிருந்து வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இதில் குயிலும் இல்லை, பல சமயம் போர்வையும் இல்லை என்பதைத்தான். மேலே ஒரு துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் அது குயில்ட். போர்த்திக்கொள்வதற்காக இல்லாமல், ஒரு காட்சியையோ எண்ணத்தையோ துணியிலும் நூலிலும் சொல்வதற்காகத் தைத்துச் சுவரில் மாட்டினால் அது கலைக் குயில்ட்.

வெளிநாட்டுக் கைவேலை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். பழைய சேலைகளை நான்காக மடித்து, ஓரம் முழுக்க நூலோட்டி, குழந்தைக்குக் கீழே விரித்த பாட்டிகள் நம் எல்லார் வீட்டிலும் இருந்தார்கள். தேரில் தொங்கும் தொம்பையைப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகத் துணிகளை வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்த வேலை அது. நம் நீலகிரி மலைக்கு வடமேற்கே, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் கவந்தி என்ற போர்வையைக் கையாலேயே தைக்கிறார்கள். வெளி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பது அவர்கள் வழக்கம்.

குயில்ட் சுவருக்குப் போனது பிறகுதான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் 1886-ல் பைபிள் கதைகளைத் துணி உருவங்களாக வெட்டி ஒரு குயில்ட் தைத்தார். பின்னர் கைக்கு முடை வந்தபோது 5 டாலருக்கு அதை விற்றார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குயில்ட்டுகளை ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. 1979-ல் ஒஹாயோவில் குயில்ட் நேஷனல் என்ற கண்காட்சி, கலைக் குயில்ட்டுக்கென்றே தொடங்கியது. வரலாறு இவ்வளவு போதும். கத்தரிக்கோலை எடுக்கலாம்.

எதைத் தைப்பது

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கோடநாடு காட்சிமுனையில் எடுத்த படத்தோடு வருவார்கள். அதில் மாயாறு, ரங்கசாமி சிகரம், கீழே தெங்குமரஹாடா, மேலே பத்து விதமான மேகம், ஓரத்தில் மாமியார் என்று எல்லாம் இருக்கும். அவ்வளவையும் ஒரு துணிக்குள் அடைத்தால் சந்தைப் பைதான் மிஞ்சும். முதல் வேலைக்கு ஒரு தேயிலைச் சரிவு, அதன் பின்னால் இரண்டு மலை வரிசை, ஒற்றைச் சில்வர் ஓக் மரம் போதும். அளவு 12-க்கு 16 அங்குலம். தலையணை உறையைவிடச் சிறியது என்று முகம் சுளிக்காதீர்கள். இதற்கே மூன்று வாரம் பிடிக்கும்.

மழை விட்ட காலையில், ஏழு மணிவாக்கில் படம் எடுங்கள். எடுத்த படத்தைப் போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்ய மறுப்பவர்கள் பிறகு எல்லா இடத்திலும் தடுமாறுகிறார்கள். நம் மலையில் பச்சை அதிகம். கண் பச்சையிலேயே சிக்கிக்கொள்ளும். கறுப்பு வெள்ளையில் பார்த்தால் மட்டுமே எது கருமை, எது வெளுப்பு என்பது தெரியும். பக்கத்துச் செடி ஏறக்குறைய கறுப்பு. அடுத்த மேடு சாம்பல். அதற்கப்பால் இருப்பது வானத்துக்கு ஒரு படிதான் கருமை. தூரம் கூடக் கூட மலை வெளுக்கிறது, கூடவே நீலமாகிறது. நீலகிரிக்கு அந்தப் பெயர் குறிஞ்சிப் பூவால் வந்தது என்பார்கள் சிலர். குறிஞ்சி கடைசியாகப் பரவலாகப் பூத்தது 2018-ல், அடுத்தது 2030. தூரத்து மலையின் நீலமோ தினமும் இலவசம்.

படத்தில் ஐந்து படிகளைப் பிரித்து, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கோடாக வரைந்துகொள்ளுங்கள். வானம் 1, கடைசி மலை 2, நடு மலை 3, தேயிலைச் சரிவு 4, மரமும் முன்னால் உள்ள புதரும் 5. இந்தத் தாள்தான் உங்கள் அளவுத்தாள்.

துணி

புதுத்துணி வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். வீட்டில் இருக்கும் பருத்தித் துணியை எல்லாம் தரையில் கொட்டி, நிறத்தைப் பார்க்காமல் வெளுப்பிலிருந்து கருமைவரை வரிசையாக அடுக்குங்கள். சந்தேகம் வந்தால் அதையும் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நீலப் பள்ளிச் சீருடையும் பச்சை லுங்கியும் ஒரே கருமை என்று தெரிந்து வியப்பீர்கள்.

நம் பக்கத்துத் துணிகளில் எனக்குப் பிடித்தது மதுரைச் சுங்குடி. அடர்நீலச் சுங்குடியின் வெள்ளைப் புள்ளி இரவுக்கு நட்சத்திரம், பகலுக்குத் தூறல். மெல்லிய கோடு போட்ட பழைய சட்டையைச் சாய்த்து வெட்டினால் பெய்யும் மழை. கட்டம் போட்ட லுங்கி மட்டும் சரிவுக்கு ஒத்துவராது. கட்டம் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாது. பனியன் துணி இழுபடும், இப்போதைக்கு வேண்டாம். பட்டு வழுக்கும், அதுவும் வேண்டாம்.

அடித்துணிக்குச் சோமனூர்ப் பக்கத்துக் காடா துணி நன்றாக இருக்கும். ஆனால் எந்தத் துணியானாலும் முதலில் வெந்நீரில் துவைத்து, காய்ந்ததும் இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். காடாவில் கஞ்சி இருக்கும், சுருங்கவும் செய்யும். சிவப்புத் துணியானால் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கி அதன்மேல் அழுத்திப் பாருங்கள். கைக்குட்டை சிவந்தால் இந்த வேலைக்கு அது ஆகாது.

நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்புக்கு, மெத்தைக் கடையில் ரெக்ரான் ஷீட் என்று கேட்டால் பாலியெஸ்டரில் தருவார்கள். இருப்பதிலேயே மெல்லியதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நைந்துபோன மெல்லிய கம்பளி இரண்டு மடிப்பு போதும். என் முதல் மூன்று வேலைகளுக்குள்ளும் இருப்பது அப்பாவின் பழைய கம்பளிதான்.

மூடுபனிக்குச் சாயம்

கடையில் எத்தனை சாம்பல் துணி பார்த்தாலும் நம் பனியின் சாம்பல் கிடைக்காது. அதை வீட்டில் செய்துகொள்ளலாம், அதுவும் தேயிலையிலேயே. ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கைந்து மேசைக்கரண்டி டஸ்ட் டீ போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணியை அதில் முக்கால் மணி நேரம் ஊறவிட்டால் வெளிர் பழுப்பு ஏறும். கவாத்து அடித்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட, தோட்டத்தின் மண் நிறம் அது, அப்படியே பயன்படும்.

சாம்பல் வேண்டுமானால் இன்னொரு படி உண்டு. துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் போட்டு வையுங்கள். அந்த நீரில் ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, தேயிலைச் சாயம் ஏறிய துணியை அதில் முக்குங்கள். கண்ணெதிரே பழுப்பு கறுத்துச் சாம்பலாகும். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்வதால் வரும் மாற்றம் இது. எழுதும் மசியை ஒரு காலத்தில் இந்த முறையில்தான் செய்தார்கள். இரும்பு நீர் கூடினால் துணி நாளடைவில் இற்றுப்போகும். அதனால் ஒரு நிமிடத்தில் வெளியே எடுத்து நன்றாக அலசிவிடுங்கள். சமைக்கும் பாத்திரத்தில் இதைச் செய்யக் கூடாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நான் செய்தேன்.

அடுக்குவது

எப்போதும் தூரத்திலிருந்து பக்கத்துக்கு வர வேண்டும். முதலில் வானத்தை விரியுங்கள். அதன்மேல் கடைசி மலை, அதன் அடி ஓரத்தின்மேல் நடு மலை, அதன்மேல் தேயிலைச் சரிவு என்று வாருங்கள். ஒவ்வொரு துண்டையும் அடிப்பக்கம் அரை அங்குலம் கூடுதலாக வெட்டினால், முன்னால் வரும் துண்டு அதை மறைத்துக்கொள்ளும். மேல் ஓரத்தை மடிக்க வேண்டாம், வெட்டியபடியே விடுங்கள். ஓரத்தில் இழை கொஞ்சம் பிரிந்தால் அது மலைமேல் நிற்கும் புல்.

மொத்தத்தையும் 14-க்கு 18 அங்குலமாக வெட்டுங்கள். தையல் ஏற ஏறத் துணி உள்ளே சுருங்கும். கடைசியில் 12-க்கு 16 ஆகக் கத்தரித்துக்கொள்ளலாம்.

துண்டுகள் நகராமல் நிற்க, இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபியூசிங் கிடைத்தால் வைத்து இஸ்திரி போடுங்கள். கிடைக்காவிட்டால் குண்டூசியும் நூலோட்டமும் போதும். மைதாப் பசை மட்டும் வேண்டவே வேண்டாம். நான் ஒருமுறை சிக்கனம் பார்த்து மைதா காய்ச்சி ஒட்டினேன். ஐப்பசி மழை முடிவதற்குள் நடு மலை முழுக்கப் பூஞ்சணம். மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொண்டது.

இப்போது பனி. அடியில் இருப்பது தெரியும் மெல்லிய துணியான ஆர்கன்ஸாவை, வெள்ளையிலோ வெளிர்சாம்பலிலோ எடுத்து, நேர்கோடாக இல்லாமல் கிழிந்த மேகம்போல வெட்டி, இரண்டு மலைகளுக்கு நடுவே வையுங்கள். ஓரிடத்தில் ஒரு மடிப்பு, இன்னோர் இடத்தில் இரண்டு மடிப்பு. இரண்டு மடிப்பு விழும் இடத்தில் மலை மங்கும், ஒரு மடிப்பில் மறுபடி தெரியும். கண்ணாடி முன் உட்கார்ந்து பொட்டு வைப்பதுபோல இதில் நேரம் செலவழியுங்கள். தள்ளி நின்று பாருங்கள், நகர்த்துங்கள், மறுபடி பாருங்கள். நான் அடுக்கியதைச் சுவரில் குத்திவிட்டு ஓர் இரவு விட்டுவிடுவேன். காலையில் டீ குடித்துக்கொண்டே பார்க்கும்போது தப்பு தானாகத் தெரியும். பெரும்பாலும் பனி அதிகமாகியிருக்கும். ஆர்கன்ஸாமேல் நேரடியாக இஸ்திரிப்பெட்டியை வைத்தால் உருகிவிடும், இடையில் ஒரு பருத்தித் துணி போட்டே தேய்க்க வேண்டும். என் முதல் பனியில் இஸ்திரிப்பெட்டியின் மூக்கு வடிவில் ஓர் ஓட்டை விழுந்தது. அதன்மேல் ஒரு மேகத்தைத் தைத்து மறைத்தேன். அந்த மேகத்தைத்தான் எல்லாரும் பாராட்டுகிறார்கள்.

நூல்

நூல்கண்டில் 40, 50, 60 என்று எண் இருக்கும். எண் கூடினால் நூல் மெல்லியது. தையல்கடைக் கண்டுகளில் 120 என்று போட்டிருப்பது வேறு கணக்கு. ஆனால் அதிலும் எண் கூடினால் மெலிவுதான். துண்டுகளைப் பிடிக்க 50 எண் பருத்தி நூல். கண்ணில் பட வேண்டிய கோடுகளுக்கு 40. அடியில் பாபினுக்கு மெல்லிய நூல்.

வளையல் சுற்ற வாங்கும் ‘சில்க் நூல்’ பெரும்பாலும் பட்டு இல்லை, ரேயான். ஆனால் அதன் மினுமினுப்பு வெயில் படும் தேயிலைக் கொழுந்துக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். சாயம் போகிறதா என்று மட்டும் ஈரக் கைக்குட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். கையால் தைப்பவர்கள் ஆறு இழை எம்பிராய்டரி நூலைப் பிரித்து, தூரத்து மலைக்கு ஓர் இழை, நடுவுக்கு இரண்டு, முன்புதருக்கு மூன்று என்று எடுங்கள். தூரத்தில் தடித்த நூல் போட்டால் மலை முன்னால் ஓடி வந்துவிடும். ஜரிகை நூலைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். அறுந்துகொண்டே இருக்கும், உங்களுக்குக் கோபம் வரும்.

ஒரே பச்சையில் நூல் வாங்குவதும் வழக்கமான தப்பு. வெயில் படும் பக்கத்துக்கு மஞ்சள் கலந்த பச்சை, நிழலுக்கு நீலம் கலந்த பச்சை, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் காவி. காவியா என்று கேட்பார்கள். தேயிலைச் செடியின் அடிக்குச்சியைக் குனிந்து பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

தையல்

அடித்துணியை 16-க்கு 20 அங்குலமாக வெட்டி, மேசைமேல் இழுத்து விரித்து, நான்கு பக்கமும் ஒட்டுநாடா போடுங்கள். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் உங்கள் காட்சி. நடுவிலிருந்து ஓரம் நோக்கி, கையளவு இடைவெளியில் பெரிய பெரிய தையலாக நூலோட்டுங்கள். இங்கே சோம்பினால் பின்பக்கம் சுருக்கம் விழும்.

கையால் தைக்கும் வழி எளிது. ஓட்டுத்தையல் ஒன்றே போதும். மலையின் வளைவையொட்டி வரிவரியாகப் போய்க்கொண்டே இருங்கள். புதர்ப் பூக்களுக்கு முடிச்சுத் தையல், மரக்கிளைக்குச் சங்கிலித் தையல்.

மெஷினில் தைப்பவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிடுங்கள். பழைய கறுப்பு மெஷினானால் அந்தப் பல்லின்மேல் எம்பிராய்டரி பிளேட்டை மாட்டிவிடலாம். துணியை அழுத்திப் பிடிக்கும் காலடிகளில் எம்பிராய்டரிக்கானதைப் போட்டு, 14 எண் ஊசி மாட்டுங்கள். இனி மெஷின் துணியை இழுக்காது, உங்கள் இரண்டு கையும்தான் பென்சிலுக்கு அடியில் தாளை நகர்த்துவதுபோலத் துணியை நகர்த்த வேண்டும். கால் வேகமாகவும் கை மெதுவாகவும் இருந்தால் தையல் நுணுகிக் குவியும். கை வேகமாகி, கால் பின்தங்கினால் தையல் நீளும், ஊசி வளையும், சில சமயம் உடையும். பத்து அங்குலச் சதுரத்தில் மேலே நீலம், அடியில் சிவப்பு நூல் போட்டு ஒரு வாரம் பழகுங்கள். மேலே சிவப்புப் புள்ளி தெரிந்தால் மேல்நூலின் இறுக்கத்தைக் குறையுங்கள். அடியில் நீலம் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூலைச் சரியாகக் கோத்தீர்களா என்று முதலில் பாருங்கள், அது சரியென்றால் இறுக்குங்கள். காலடியைக் கீழே இறக்காமல் தைத்தாலும் இதே வளையம் விழும்.

இப்போது நான் இவ்வளவு நேரம் சொல்லக் காத்திருந்த இடத்துக்கு வந்துவிட்டோம். குயில்ட்டில் தைத்த இடம் அமுங்கும், தைக்காத இடம் உப்பும். தேயிலைச் சரிவைத் தைக்கும் ஏறக்குறைய எல்லாரும் முதலில் செடியைத்தான் தைக்கிறார்கள். இலை இலையாக நூலைக் கொட்டுவார்கள், செடி அமுங்கிப் பாய்போல ஆகிவிடும். தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி மட்டமாக்கிய செடிகள் திண்டுபோல உப்பி நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே, பறிக்கிறவர்கள் நடந்து நடந்து உண்டான ஒடுங்கிய சந்துகள் பள்ளமாக, இருட்டாக ஓடுகின்றன. அந்தச் சந்துகளைத் தைக்க வேண்டும். கரும்பச்சை நூலில், ஒரே தடத்தில் மூன்று நான்கு முறை போய் வாருங்கள். செடியைத் தொடாதீர்கள். சரிவு முழுவதையும் முடித்துவிட்டு எடுத்துப் பார்த்தால் செடிகள் தாமாக எழுந்து நிற்கும். அதன் பிறகு, வெயில் படும் பக்கத்தில் மட்டும், மஞ்சள் பச்சை ரேயான் நூலில் நான்கைந்து சிறு வளைவுகள் போட்டால் கொழுந்து.

முன்னால் இருக்கும் சந்துகளை அகலமாக விட்டு, மேலே போகப் போக நெருக்குங்கள். சரிவு தானாகப் பின்வாங்கும்.

பனி விழும் இடத்தில் தையல் மிகக் குறைவாக, வெளிர்சாம்பல் நூலில், படுக்கைவாட்டில் இருக்கட்டும். வானத்திலும் நான்கைந்து வரி தைத்துவிடுங்கள். கீழே நெருக்கமாகத் தைத்து மேலே ஒன்றுமே தைக்காமல் விட்டால் முழுத் துண்டும் கோணி நிற்கும். சில்வர் ஓக் கடைசியில். தண்டுக்கு ஒரு மெல்லிய துணிக்கீற்று, இலைகளுக்கு வெள்ளி கலந்த சாம்பல் பச்சை நூலில் கிறுக்கல்.

ஓரமும் மாட்டலும்

ஈரத்துணி போட்டு மெதுவாகத் தேய்த்து, ஸ்கேல் வைத்து 12-க்கு 16 ஆகக் கத்தரியுங்கள். போர்வைக்குப் போடுவதுபோல முன்பக்கம் தெரியும் பட்டி வேண்டாம், அது படத்துக்குச் சட்டம் போட்டதுபோல் இறுக்கிவிடும். இரண்டரை அங்குலப் பட்டைகளை நல்ல பக்கத்தில் வைத்து ஓரத்தையொட்டித் தைத்து, முழுவதையும் பின்னால் திருப்பி எம்மிங் செய்யுங்கள். சட்டை வெட்டத் தெரிந்தவர்களுக்கு இது ஃபேசிங், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓரம் கால் அங்குலம் உள்ளே போகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கத்தரியுங்கள். பின்பக்கம் மேலே நான்கு அங்குலத் துணியைக் குழாயாகத் தைத்துப் பிடித்து, திரைச்சீலைக் கம்பியை நுழைத்தால் மாட்டிவிடலாம்.

அடுத்து எதைத் தைப்பது

முதல் வேலை முடிந்த அன்றே கேட்பார்கள். பங்குனி, சித்திரையில் குன்னூர்ச் சாலையோரம் ஜெகரண்டா மரத்தின் ஊதாப் பூ கொட்டிக் கிடப்பது ஒரு குயில்ட். ஜனவரியில் பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்திப் படுகர்கள் திரள்வது இன்னொன்று. எட்டு விதமான வெள்ளைத் துணியைத் தேடிப் பிடிக்க வேண்டும், எளிதல்ல. மலை ரயிலின் நடுத் தண்டவாளப் பல்வரிசையை மட்டும் அருகில் நின்று தைக்கலாம்.

தோடர்களின் பூ வேலையைக் குயில்ட்டில் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பூத்துக்குளிச் சால்வையில் சிவப்பும் கறுப்புமாக, கோடு எதுவும் வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் தைப்பது அது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த உருவங்கள் அவர்களுடையவை. என் கருத்து, நகலெடுக்க வேண்டாம். பிடித்திருந்தால் அவர்களிடமே ஒன்று வாங்குங்கள். கற்றுக்கொள்ள வேண்டியது அந்த எண்ணுவதைத்தான். ஒரு முழத் துணியில் இழை எண்ணி ஒரு கோடு நேராகத் தைத்துப் பாருங்கள், அந்தச் சால்வையின் விலையைப் பற்றி அதன்பின் பேரம் பேச வாய் வராது.

மழைக்காலத்துக்கு

வெளிச்சுவரின் உள்பக்கத்தில் மாட்டாதீர்கள், ஈரம் ஊறும். நேர் வெயில் விழும் சுவரும் ஆகாது, நிறம் போய்விடும். எடுத்து வைப்பதானால் மடிக்காமல், பழைய வேட்டியோடு சேர்த்துச் சுருட்டி, துணிப்பையில் போட்டு, கூடவே இரண்டு துண்டு வசம்பு வையுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தை மாதம் பனி விலகிய ஒரு முற்பகலில் நிழலில் காற்றாட விடுங்கள். அதற்கு முன், பின்பக்கம் ஒரு சிறு துணியைத் தைத்து, உங்கள் பெயர், ஊர், ஆண்டு, உள்ளே இருப்பது யாருடைய சேலை, யாருடைய கம்பளி என்பதை அழியாத மையில் எழுதிவிடுங்கள்.